மாமனாருக்கு ஒரு கமெண்டரி

போன மாசம், விழுப்புரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரி வார்டில் நான் சத்தம் போட்டுக் கத்தினேன்.

வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். இங்கேதான் ஓயாமல் பேசுகிறேனே! ஆனால் என்னை நேரில் பார்த்தவர்களைக் கேளுங்கள். 'ம்', 'சரிங்க', 'ஆகட்டும்' — இந்த மூன்றோடு என் பேச்சு முடிந்துவிடும். திண்டிவனத்தில் நான் நடத்துவது ஒரு மாவு மில். மிஷின் ஓடும்போது யாரும் யாரோடும் பேச முடியாது. அஞ்சாங்கிளாஸோடு நின்ற ஒரு கூச்சக்காரனுக்கு ஆண்டவர் பார்த்துக் கொடுத்த தொழில்.

அப்படிப்பட்டவன் கத்தினேன். அதுவும் என் மாமனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.

மாமா பெயர் சவரிமுத்து. என் மனைவி ஸ்டெல்லா அவருக்கு ஒரே பெண். அத்தை தவறிய பிறகு பெருமுக்கலில் தனியாக இருக்கிறார். விறகு அடுப்பு, தானே சமையல். எங்கள் வீட்டுக்கு வருவார். ஒரு வேளை சாப்பிடுவார். எவ்வளவு மழை பெய்தாலும் பஸ் பிடித்துக் கிளம்பிவிடுவார். 'பொண்ணு குடுத்த ஊட்ல போயி பாய் விரிக்கறதா?' என்பது அவர் கொள்கை.

அவரும் நானும் பேசுவது எப்படி இருக்கும் தெரியுமா?

"வாங்க மாப்ள."

"ம்... வரேங்க மாமா."

"சாப்ட்டீங்களா?"

"ஆச்சுங்க."

அவ்வளவுதான். அப்புறம் இரண்டு பேரும் சுவரில் மாட்டிய மாதா கேலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இருபது வருஷத்துக்கு மேலாகத் தகுதிச் சுற்றையே தாண்டாத உறவு!

இந்த நிலையில்தான் மாமாவுக்குக் கண்ணில் புரை. வலது கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்தது. இடது கண்ணிலும் புரை உண்டு, அதற்கு அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். "ஒன்றரை மாசம் நேரத்துக்குச் சொட்டு மருந்து விடணும். அடுப்புப் புகை, தூசு ஆகவே ஆகாது. கூட ஆள் இருக்கணும். இல்லைன்னா செஞ்ச ஆபரேஷன் வீணாப் போயிடும்."

ஆண்கள் வார்டு என்பதால் துணைக்கு நான்தான் இருந்தேன். மத்தியானம் ஸ்டெல்லா போன் பண்ணினாள்.

"நாளைக்கு டிஸ்சார்ஜ். அப்பாவ நேரா நம்ம ஊட்டுக்கு இட்டுக்கினு வந்துடுங்க."

"நீயே சொல்லேன்."

"நான் கூப்ட்டா கணக்குல வராதுங்க. மருமவன் வாயால கூப்புடணும். அதான் மொற. இத்தினி வருசத்துல நீங்க ஒருவாட்டியாவது அவர இருந்துட்டுப் போங்க மாமான்னு சொல்லியிருக்கீங்களா?"

 மனசில் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். மனசில் சொன்னது முறையில் சேராதே!

"எங்கப்பாவுக்குக் கண்ணு போச்சுன்னா..." என்று ஆரம்பித்தவள் அழுதுவிட்டாள். போனை வைத்துவிட்டேன். பயத்தில்தான்.

மாமா கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். வாயைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன்.

"இன்னா மாப்ள, கொட்டாவி வருதா? போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்றார் மாமா.

போய் டீ குடித்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார். ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்கிறவர் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மாப்ள... இன்னிக்கு இந்தியா மேட்ச்சு. ஒங்க செல்லுல வருமா?" என்றார்.

கிரிக்கெட் இல்லை. ஃபுட்பால். ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்று. மாமா சின்ன வயதில் திண்டிவனத்தில் சர்ச் டீமுக்கு வெறுங்காலோடு ஃபுல்பேக் ஆடியவர். இந்தியா ஆடினால் அவர் நாள் அன்றைக்கு வேறு மாதிரி இருக்கும் என்று ஸ்டெல்லா சொல்லியிருக்கிறாள்.

போனில் மேட்ச் வந்தது. ஆனால் அவர் எப்படிப் பார்ப்பது? ஒரு கண்ணில் பச்சைக் கட்டு. இன்னொரு கண்ணில் பாலாடை படிந்த மாதிரி புரை. போனில் வருகிற கமெண்டரியோ இங்கிலீஷ்.

"பந்து எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க மாப்ள. போதும்."

நான்? கமெண்டரி? போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனேன்.

"நடுவுல... இருக்குதுங்க மாமா."

"யாருகிட்ட?"

"நம்ம ஆளுகிட்ட. இல்ல... அவங்க ஆளுகிட்ட. இல்ல, திரும்ப நம்ம ஆளு..."

பக்கத்துக் கட்டிலில் கோவிந்தன் என்று ஒருவர். வல்லம் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போடுகிற விவசாயி. அவருக்கும் பச்சைக் கட்டு. "யோவ், இன்னாய்யா இது, கேஸ் சிலிண்டர் லீக்காவற மாதிரி ஒரு சத்தம்? சொல்றத கொஞ்சம் தெறந்து சொல்லு, நாங்களும் கேக்கறோம் இல்ல" என்றார். பிறகு சந்தேகமாக, "ஆமா, இந்தியா ஃபுட்பாலு கூடவா ஆடுது?" என்றார்.

மாமாவுக்குச் சுருக்கென்றது. "நீங்க சத்தமாவே சொல்லுங்க மாப்ள!"

சொன்னேன். முதலில் தயங்கித்தான். அப்புறம் என்ன ஆனதென்று எனக்கே தெரியவில்லை. பிளேயர்கள் பெயர் தெரியாது. அதனால் என்ன? "தாடிக்காரன் வாங்கிட்டான்... ஓரமா உருட்டிக்கினு போறான்... போறான்... குட்டையன் ஒருத்தன் குறுக்க வர்றான்... தாண்டிட்டான் மாமா!"

மாமா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் கை என்மேல் பட்டது கல்யாணத்தன்று ஆசீர்வாதம் பண்ணியபோது மட்டும்தான்.

கண் ஆபரேஷன் ஆனவர்கள் தலையை ஆட்டக் கூடாது. அதனால் எங்கள் வார்டு ரசிகர்கள் எல்லோரும் மல்லாந்து, விறைப்பாகப் படுத்துக்கொண்டே பதறினார்கள். அசைந்ததெல்லாம் கால் விரல்கள்தான்.

நம் ஆட்கள் ரொம்ப நேரம் பந்தைத் தொடவே இல்லை. மாமா முகம் வாடுவதைப் பார்த்தேன். கொஞ்சம் சர்க்கரை போட்டால் என்ன? "இதோ நம்ம ஆளு... கோலுக்குக் கிட்ட போயிட்டான்... அடிக்கப் போறான்..." என்றேன்.

"பொய்."

"மாமா?"

"அடிக்கப் போனா ஜனம் கத்தும் இல்ல? செல்லுல சத்தமே வரல. ஆறுதலு சொல்றதுக்கு நீ எதுக்கு? இருக்கறத சொல்லுய்யா!"

'நீ' என்றும் 'ய்யா' என்றும் கூப்பிட்டுவிட்டார். எத்தனை மரியாதையான 'வாங்க'வுக்கும் கிடைக்காத சந்தோஷம் அதில் இருந்தது. அதற்குப் பிறகு நான் சர்க்கரை போடவில்லை.

இடைவேளையில் கோவிந்தன் விடவில்லை. "பெருசு, நெசமா சொல்லு. நம்மாளுங்க எப்பனா எதனா ஜெயிச்சிருக்கானுங்களா?"

மாமா கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அம்பத்தாறு ஒலிம்பிக்ஸு. மெல்போர்ன்ல ஆஸ்திரேலியாக்காரனுக்கு அவன் ஊட்லயே நாலு கோலு போட்டோம். நாலாவது எடம் வந்தோம். அறுபத்திரண்டுல ஜகார்த்தா. ஏசியன் கேம்ஸு. ஃபைனல்ல தென்கொரியா. சுத்தி இருக்கற ஜனம் மொத்தமும் நமக்கு எதிரா ஊளையிடுது. நம்ம டிஃபெண்டர் ஒருத்தனுக்குத் தலையில தையலு. அவன முன்னால நிறுத்தனாங்க. அவனே கோலும் போட்டான். தங்கம்! ஃபாதர் பங்களா ரேடியோவுல நியூஸு கேட்டு, நாங்க பசங்க எல்லாம் கோயில் மணிய அடிச்சிட்டு ஒத வாங்கனோம்."

"உலகக் கோப்ப?"

மாமா போர்வை நுனியைச் சுருட்டினார்.

"அம்பதுல எடம் கெடச்சிது. நம்மகூட ஆட வேண்டியவங்க வெலகிட்டாங்க, எடம் தானா வந்துச்சு. பிரேசில்ல மேட்ச்சு. நாம போவல."

"ஷூ போட்டுதான் ஆடணும்ன்னானுங்களாமே?" என்றார் கோடிக் கட்டில்காரர்.

"அது ஒரு கத. கப்பல்ல போற தூரம், செலவுன்னு ஒரு கத. ஒலிம்பிக்ஸ்தான் பெருசு, இது எதுக்குன்னு உட்டுட்டாங்கன்னு ஒரு கத. எது நெசமோ! கூப்ட்டாங்க, போவல. அவ்ளோதான். அதுக்கப்புறம் இன்னி வரைக்கும் கதவு தெறக்கல. கூப்ட்டா போயிடணும்யா. நாம சரிப்பட்டு வருவமா, ஜனம் இன்னா பேசும்னு யோசிச்சிக்கினு நின்னா, நின்ன எடத்துலயே நிக்க வேண்டிதான்."

 கொஞ்ச காலம் முன்னால் ஆசியக் கோப்பைக்குப் போய் மூன்று மேட்ச்சிலும் ஒரு கோல்கூடப் போடாமல் திரும்பி வந்த கதையை யாரும் கேட்கவில்லை. மாமாவும் சொல்லவில்லை.

இரண்டாம் பாதி. எதிரணி ஒரு குட்டி நாடு. பெயர் வேண்டாம், நமக்குத்தான் வெட்கம். கார்னரிலிருந்து ஒரு பந்து வந்தது. நம் ஆட்கள் மூன்று பேர் நின்றார்கள். மூன்று பேரும் மற்றவன் பார்த்துக்கொள்வான் என்று நின்றார்கள்...

நான் நிறுத்திவிட்டேன்.

"போட்டுட்டானா?" என்றார் மாமா.

"போட்டுட்டான் மாமா."

"சரி, உடு. மேல சொல்லு."

கடைசி நிமிஷங்களில் தாடிக்காரன் ஒரு உதை உதைத்தான். "போகுது... போகுது மாமா... உள்ள... உள்ள...!" — இங்கேதான் நான் கத்தினேன். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. தூரத்திலிருந்து சிஸ்டர் ஓடி வந்தார். "யாருங்க அது? வால்யூமக் கொறைங்க!" போனின் வால்யூமைக் குறைத்தேன். "செல்லு இல்லைங்க. உங்க வால்யூம்!"

விசில். ஒன்றுக்குப் பூஜ்யம். தோற்றோம்.

மாமா என் மணிக்கட்டை விட்டார். கை சட்டென்று வெறுமையாகிவிட்டது. இப்போது விட்டால் இனிமேல் கேலண்டர்தான் என்று தோன்றியது. தொண்டை இன்னும் கமெண்டரி சூட்டிலேயே இருந்தது. அதே சத்தத்தில், வார்டு முழுவதும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டேன்.

"மாமா! நாளைக்கு நம்ம ஊட்டுக்கு வந்துடுங்க! நான் கூப்புடறேன்!"

கால் விரல்கள்கூட அசையவில்லை.

"அதெல்லாம் எதுக்கு மாப்ள... எனக்கு ஊர்லயே..." என்று இழுத்தார். 'மாப்ள' திரும்பி வந்துவிட்டது. 

"இன்னா பெருசு!" என்றார் கோவிந்தன், கூரையைப் பார்த்தபடியே. "கூப்ட்டா போயிடணும்னு இப்பதான பெரிய பிரசங்கம் பண்ண? அது பிரேசிலுக்கு மட்டும்தானா? திண்டிவனத்துக்குக் கெடையாதா?"

யாரோ சிரித்தார்கள். "தலைய ஆட்டாதீங்க!" என்று சிஸ்டர் அதட்டினார். மாமா தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டார். ஆபரேஷன் ஆகாத கண்ணிலிருந்து ஒரு சொட்டு வழிந்து காதுப் பக்கம் இறங்கியது. நான் கேலண்டர் தேடினேன். அந்தச் சுவரில் இல்லை.

காலையில் கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். மாமா அதைச் சரியாகச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னா மாப்ள, இவ்ளோ நரைச்சிடுச்சு ஒங்களுக்கு?"

"ஆமாங்க மாமா."

கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பையைத் தானே எடுக்கப் போனார். நான் வாங்கிக்கொண்டேன்.

"வர்றேன்" என்றார். "ஆனா ஒரு கெடு வெச்சிக்கினுதான் வருவேன். பொண்ணு ஊட்ல காலம் பூரா உக்காந்துகினான்னு ஒருத்தன் சொல்லக் கூடாது."

"சொல்லுங்க மாமா. எதுவரைக்கும்?"

"இந்தியா உலகக் கோப்பைக்குப் போற வரைக்கும்."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. கோவிந்தன்தான் தலையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, என்ன சிரிக்க வெச்சி தையலு பிரிச்சிடாதீங்கய்யா!" என்று புலம்பினார்.

இந்தியா சீக்கிரம் உலகக் கோப்பைக்குப் போய்விடும் என்று அவர் நிஜமாகவே நம்பிச் சொன்னாரா? அல்லது எல்லாம் தெரிந்துதான் சொன்னாரா? நான் கேட்கவில்லை. சில பேருக்கு நேராக 'சரி' என்று சொல்ல வராது. எனக்கு நேராகக் கூப்பிட வந்ததா என்ன?

இப்போது எங்கள் ஹாலில் அவர் பாய் இருக்கிறது. நேரத்துக்குச் சொட்டு மருந்து விடுகிறேன். மேட்ச் இருந்தால் மில்லைச் சீக்கிரம் மூடிவிடுகிறேன். இப்போது அவரே பார்க்க முடியும். இருந்தாலும், "சும்மா சொல்லு, கேக்கலாம்" என்கிறார்.

இந்தியா தோற்கும்போதெல்லாம் ஸ்டெல்லா முகத்தில் ஒரு நிம்மதி... தேசத் துரோகம்தான், என்ன செய்ய?