தாத்தாவின் அறையில் நடந்த வருஷம்

பிள்ளைகளே, உங்கள் தாத்தாவுக்கு ஞாபகம் தடுமாற ஆரம்பித்த பிறகு, அவர் அறையில் மட்டும் வேறு வருஷம் நடந்தது. எங்கள் பழைய முடிச்சூர் வீட்டில் வெள்ளம் புகுவதற்கு முந்தைய வருஷம் அது. அங்கே உங்கள் பாட்டி உயிரோடு இருந்தார். பெரியப்பாவும் நானும் பேசிக்கொண்டிருந்தோம்.

வெளியே அப்படி இல்லை. பாட்டி இறந்ததும் அந்த வீட்டை விற்பதில் சண்டை வந்து, எங்களுக்குள் பேச்சே நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்தால், தாத்தாவுக்காக அந்த அறைக்குள் என்னிடம் "சாப்ட்டியாடா?" என்று கேட்பார். வெளியே வந்தால் என் முகத்தைப் பார்க்க மாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பெரியப்பாவும் அறையில் இருந்தபோது, மழை பிடித்துக்கொண்டது.

"அம்மா எங்கடா?" என்றார் தாத்தா.

"சர்ச்சுல பாட்டு பிராக்டீஸ்ப்பா," என்றேன். வழக்கமாகச் சொல்வதுதான்.

"மழைல எப்படி வருவா? ரெண்டு பேரும் ஒரே வண்டில போய்க் கூட்டிட்டு வாங்க. திரும்பி வர்றப்ப சின்னவன் நடந்து வரட்டும்."

மறுக்க முடியவில்லை. நான் வண்டியை எடுத்தேன். பெரியப்பா பின்னால் ஏறினார். கல்லறைத் தோட்டத்துக்குப் போய், பாட்டியின் கல்லறை முன்னால் நனைந்தபடி நின்றோம்.

"கெளம்பலாம்டா. அப்பா தேடுவாரு," என்றார் பெரியப்பா. அறைக்கு வெளியே, அத்தனை காலத்துக்குப் பிறகு, அவர் என்னிடம் பேசியது அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் தாத்தா, "அவ எங்க?" என்றார்.

"பாட்டு இன்னும் முடியலப்பா," என்றார் பெரியப்பா, என்னிடம் துண்டை நீட்டிக்கொண்டே. "முடிஞ்சதும் நாங்க ரெண்டு பேருமே போறோம்."