ஒரே இழுப்பில் அவிழும் பந்தல்

குணசுந்தரி டீச்சர் பிறந்தது தோணிரேவு மீனவக் குப்பத்தில். அப்பா ஏரியில் வலை போட்டவர். வீட்டுச் சுவரெல்லாம் கரித்துண்டால் படகு வரைந்து அடி வாங்கிய பெண், அந்த வரைதலையே படித்துப் பாஸ் செய்து, பழவேற்காட்டுப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பகுதி நேர ஓவிய ஆசிரியை ஆனார். பதினொரு வருஷம் ஓடிவிட்டது. திங்கள், புதன், வெள்ளி மூன்று அரைநாள் வேலை. போகிற வழியில் அம்மன் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றி ஒரு நிமிஷம் கண்மூடி நிற்காமல் ஒருநாளும் போனதில்லை.

அந்தப் புதன்கிழமை கூடக் கொஞ்ச நேரம் நின்றார். காரணம் இருந்தது. ஒன்பதாம் வகுப்பின் ஓவியப் பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிடப் போவதாகத் தலைமை ஆசிரியர் லோகநாதன் போன வாரமே சொல்லியிருந்தார்.

"மாங்காயும் மயிலும் வரைஞ்சு என்னத்துக்கு டீச்சர்? அடுத்த வெள்ளிக்குள்ள பிள்ளைங்க உபயோகமா ஒண்ணு செஞ்சு காட்டட்டும். இல்லன்னா பீரியட் கணக்குக்குத்தான்."

"காட்டறோம் சார்," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார் டீச்சர்.

அன்றைக்கே வகுப்பில் பேசி முடிவு செய்தார்கள். அந்த வகுப்பில் படிக்கும் பூவிழியின் அம்மா மாலா, பஸ் நிற்கும் இடத்தருகே கொதிக்கிற வெயிலில் உட்கார்ந்து மீன் விற்கிறவள். அவளுக்கு மடக்கி எடுத்துப் போகிற மாதிரி ஒரு பந்தல். மூன்று மூங்கில் கழி, ஒரு தார்ப்பாய், நைலான் கயிறு. பிள்ளைகள் மாலாவையும் அவள் கூடையையும் அளந்து, படம் போட்டு, கட்டினார்கள். டீச்சர் ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்துச் சரி சொன்னார்.

இந்தப் புதன் மதியம் பந்தல் ஏறியது. காற்றுக்கு அசையவில்லை. மாலாவுக்கு வாயெல்லாம் பல். கூடை காலியானதும்தான் வந்தது வினை. மடக்க வேண்டும், முடிச்சு அவிழவில்லை. நகம் போனது, பல்லால் கடித்தும் பார்த்தாள். பஸ் ஹாரன் அடித்தது.

"அடியே பூவிழி! இன்னாடி கட்டி வச்சிருக்கீங்க? நிழல் குடுங்கன்னா சுறா புடிக்கிற மாதிரி கட்டிக்கீறீங்க!"

மீன் வெட்டும் கத்தியால் கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டு ஓடினாள்.

டீச்சர் அறுந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். வலை முடிச்சு. மீன் எவ்வளவு திமிறினாலும் நகராதது. இந்தப் பிள்ளைகள் கையில் கயிறு கிடைத்தால் விரல் தானாக அதைத்தான் போடும். வலைக்கார வீட்டில் பிறந்த அவர் கண்ணுக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

"சரின்னு சொன்னது நான்தானே. தப்பு என்னோடதும்தான்," என்றார். "நாளைக்கு மறுபடி கட்டறோம்."

"நாளைக்கு உங்களுக்கு ஸ்கூல் இல்லயே டீச்சர்?" என்றாள் பூவிழி.

"பந்தலுக்கு இருக்கே."

வியாழக்கிழமை மரத்தடியில் உட்கார்ந்து அவிழ்க்கிற வழி யோசித்தார்கள். பூவிழிதான் திடீரென்று எழுந்தாள். "எங்க நைனா கரையில படகக் கட்டறப்ப இப்டியா கட்டறாரு? ஒரு நுனிய இழுத்தா வந்துருமே டீச்சர்!"

கழிகளில் இருந்த பதினான்கு முடிச்சையும் அறுத்தார்கள். பதினான்கையும் படகு கட்டுகிற விதத்தில் போட்டு, நுனிகளை ஒரே கயிற்றில் சேர்த்தார்கள். அவிழாத முடிச்சு ஒன்று வந்தால், டீச்சர் அந்தக் கழியைத் திருப்பிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை லோகநாதன் சார் மீன் விற்கும் இடத்துக்கே வந்தார். கடல் காற்று பலமாக அடித்தது. பந்தல் நின்றது. மாலா கயிற்று நுனியை அவரிடம் நீட்டினாள்.

"நீங்களே இழுங்க சார். பயப்படாதீங்க, கடிக்காது."

இழுத்தார். மீன் வாடையோடு தார்ப்பாய் முழுசும் அவர் தலையில் வந்து விழுந்தது. மாலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

தார்ப்பாய்க்குள்ளிருந்து சார் குரல் வந்தது. "கணக்குக்கு வேற பீரியட் பாத்துக்கறேன் டீச்சர்."

குணசுந்தரி டீச்சர் அம்மனை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு பிள்ளைகளின் படத்தை விரித்து, பென்சிலால் ஓரத்தில் எழுதினார்: 'இழுப்பவர் வெளியே நிற்க வேண்டும். கயிறு இன்னும் இரண்டு முழம்.'