வாளி எட்டாத கன்று

சலீமின் தென்னங்கன்றுகளைக் கெடுத்தவள் நான்தான்.

பூச்சியல்ல, வெயிலல்ல... நான்! உங்களிடம் சொல்லிவிட்டேன். அவரிடம் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.

உத்திரமேரூரில் மளிகைக்கடை வைத்திருந்த அவருடைய அத்தா ஒரே ஒரு பருவம் தவணை கொடுத்திருந்தார். கன்றுகள் தேறினால் நாற்றங்கால், இல்லையென்றால் கடை. திருப்புலிவனத்தில் எங்கள் கொல்லையைக் குத்தகைக்கு எடுத்து, பைகளில் வேர்ப்பூசணம் கலந்த மண்ணை நிரப்பிக் கன்றுகளை வைத்தார். அந்தப் பூசணம் வேருக்குள் குடியேறி, வேர் எட்டாத இடத்து மணிச்சத்து என்கிற பாஸ்பரஸையும் இழுத்துவந்து ஊட்டுமாம். நான் தண்ணீர் ஊற்றப் போனேன். தண்ணீர் ஊற்றத்தான் போனேனா? அவர் வேரைப் பற்றிப் பேசும்போது அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். இன்றும் அந்த முகத்துக்காக ஏங்குகிறேன்.

கன்றுகள் மெதுவாகவே வளர்ந்தன. "பூசணம் வச்சி மரம் வளக்கிறாராம்!" என்று ஊர் சிரித்தது. எனக்குப் பொறுக்கவில்லை. அவர் வராத நாள்களில் அதே மணிச்சத்து நிறைந்த டிஏபி உரத்தைக் கரைத்து வரிசையாக ஊற்றினேன். ஒவ்வொரு முறையும் கடைசிக் கன்றுக்கு வருமுன் வாளி தீர்ந்துவிடும்.

இலைகள் கருகருவென்று பச்சை கட்டின. அவர் சிரித்தார்! அந்தச் சிரிப்புக்காக இன்னும் எத்தனை வாளி வேண்டுமானாலும் கரைத்திருப்பேன்...

வயலில் நட்டதும் கன்றுகள் மஞ்சளித்து நின்றுவிட்டன. ஒன்றைப் பிடுங்கி, வேரைக் கழுவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தார். பூசணத்தின் ஓர் இழைகூட இல்லை.

"மண்ணுலயே மணிச்சத்து நெறைய இருந்தா வேரு பூசணத்த உள்ள சேக்காது, தேவி. ஆனா நாமதான் உரமே போடலியே... அப்ப எங்கிட்டதான் இன்னாவோ தப்பு கீது."

நாம் என்றாரே! அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா? ஆமாம் என்று தலையாட்டினேன்.

இப்போது அவர் கடையில் பருப்பு நிறுக்கிறார். சிறியதென்று வயலில் நடாமல் விட்டிருந்த, வாளி எட்டாத அந்தக் கடைசிக் கன்றை நான் கேட்டு வாங்கி வீட்டின் பின்புறம் வைத்தேன். சத்தில்லாத சரளை மண். உரத்தைக் காட்டியதே இல்லை. இந்த ஆண்டு பாளை விட்டிருக்கிறது!

போன வாரம் சர்க்கரை வாங்கப் போனேன்.

"நீ எடுத்துக்கினு போனியே ஒரு கன்னு, எப்டி கீது?"

அதைப் பார்த்தால் அவர் மறுபடி மண்ணுக்கு வந்துவிடுவார். ஆனால் மற்றவற்றுக்கு உரம் ஊற்றியது யாரென்றும் புரிந்துவிடுமே... பிறகு என் முகத்தைப் பார்ப்பாரா?

"அது அப்பவே பட்டுப்போச்சுங்க."

"பாவம்... நீயும் எவ்ளோ தண்ணி ஊத்தின" என்று பொட்டலத்தை நீட்டினார்.

வாங்கிக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து பின்கதவைத் திறக்கவில்லை.