அவள் ஃபைலும் என் ஒற்றைத் தாளும்

இரண்டு வருடங்களுக்கு முன், குறுவை நடவு முடிந்திருந்த நேரம். தஞ்சாவூரில் குழந்தையின்மைக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு பெண் டாக்டரின் எதிரில் நான், என் மனைவி, என் அம்மா மூவரும் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். அதுவரை நான்கு ஆஸ்பத்திரிகளில் என் மனைவிக்கு எடுத்த ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, போட்ட ஊசிகளின் சீட்டு எல்லாம் ஒரு கனத்த ஃபைலாகச் சேர்ந்திருந்தன. டாக்டர் அதைப் புரட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இவங்களுக்கு எல்லாம் சரியாத்தான் இருக்கு. உங்க ரிப்போர்ட் எங்க?"

என்னிடம் ஏது ரிப்போர்ட்? அம்மா முந்திக்கொண்டார். "அவனுக்கு என்னங்க குறை? பொழுதன்னிக்கும் வயல்ல நிக்கிற புள்ள." உண்மையைச் சொன்னால் எனக்கும் அதே நினைப்புதான்.

டாக்டர் விடவில்லை. என் பரிசோதனை முடிவு ஒரே தாளில் வந்தது. விந்தில் உயிரணுக்கள் மிகக் குறைவு. என்ன வேலை என்று கேட்டார். சொந்தமாக மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலம், ஊரில் பாதிப் பேர் வயலுக்குப் பூச்சிமருந்து அடிப்பதும் நான்தான் என்றேன். மருந்தை எப்படிக் கலப்பீர்கள் என்றார். எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதைத்தான் சொன்னேன். வாளியில் ஊற்றி, முழங்கை வரை கையை விட்டுக் கலக்குவோம். குச்சியால் கலக்கினால் அடியில் தங்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை. முதுகில் மாட்டிய டேங்க் ஒழுகினால் இடுப்பு வேட்டி வரை நனையும். அந்த ஈரத்தோடுதான் அடித்து முடிப்போம்.

அது மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஆனால் சில பூச்சிமருந்துகள் உடம்புக்குள் போனால் ஹார்மோன் மாதிரியே நடித்து, நிஜ ஹார்மோனின் வேலையைக் கெடுக்குமாம். உயிரணு உருவாவதே தடுமாறிப்போகுமாம். "புதுசா உருவாக மூணு மாசம் கிட்ட ஆகும். முதல்ல அந்த வாளியில இருந்து கையை எடுங்க."

வீட்டில் யாரிடமும் வாயைத் திறக்காதே என்றார் அம்மா. நான் நேராகப் பூச்சிமருந்துக் கடைக்குப் போய், பாட்டிலோடு வரும் விளக்கத் தாளைக் கேட்டேன். கடைக்காரர் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கத்தையை இழுத்துப் போட்டார். "யாரும் கேக்க மாட்டாங்க தம்பி, அதான் எடுத்து வச்சிட்டேன்." கையுறை போடு, முகத்தை மூடு என்று எறும்பு எழுத்தில் அச்சடித்திருந்தது. சரி, கையுறை கொடுங்கள் என்றேன். கடையில் இல்லை! இலையைப் பார்த்தே என்ன புழு என்று சொல்லத் தெரிந்த மனுஷனுக்கு, வாங்கிப் போகிறவன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. தயாரிக்கிறவனோ அச்சடித்ததோடு கை கழுவிவிட்டான். நடுக்கடையில் கத்தித் தீர்த்தேன்.

அந்தக் கோபத்தில் பாதி என்மேல் வந்திருக்க வேண்டும் என்பது ஆவணியில்தான் உறைத்தது. தம்பி மனைவிக்கு வளைகாப்பு. விடியலிலிருந்து ஐந்து வகைச் சாதம் கிளறியவள் என் மனைவி. அவள் வளையல் போட எழுந்தபோது என் அத்தை, "நீ அப்புறம் பாத்துக்கலாம்மா, போயி பாயசத்தக் கவனி" என்றார். அவள் அடுப்படிக்குத் திரும்பினாள். ஆறு வருடமாக எல்லா விசேஷத்திலும் இதுதான். நானும் பந்தலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அன்று பெண்கள் கூட்டத்துக்குள் போய் நின்றேன். "அத்தை, அவளுக்கு ஒரு குறையும் இல்ல. குறை எனக்குத்தான். டெஸ்ட் எடுத்தாச்சு."

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். தம்பி மனைவிதான் கையை நீட்டி, "வாங்கக்கா, நீங்க போடுங்க" என்றாள். என் மனைவி வந்து போட்டாள்.

மருந்து அடிப்பதை விட்டுவிட்டேன். அடுத்த ரிப்போர்ட்டில் எண்ணிக்கை கொஞ்சம் ஏறியிருந்தது. குழந்தை இன்னும் இல்லை. வாளிக்குள் கை விடுகிறவனைக் கண்டால் இன்றும் சண்டைக்குப் போகிறேன். ஆனால் பீரோவில் அவளுடைய ஃபைலின் மேல் கிடக்கும் என் ஒற்றைத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கோபம் என்மேலேயே திரும்புகிறது. அந்தத் தாளை முதல் வருடமே எடுத்திருந்தால், அத்தனை ஊசி அவள் உடம்பில் ஏறியிருக்காது.