காந்தம் வைக்காத இடம்

ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை அது. காலை ஒன்பது ஐம்பதுக்கு ராணிப்பேட்டையில் பழைய வண்டிகள் விற்கும் ஒரு யார்டுக்குள் நானும் என் மனைவியின் தம்பியும் நுழைந்தோம். நேரத்தை அவ்வப்போது குறித்துவைப்பது என் பழக்கம் என்பதால் இத்தனை நிச்சயமாகச் சொல்ல முடிகிறது. அன்று மத்தியானம் நடந்ததை எழுத மட்டும் பல வாரங்கள் எனக்குக் கை வரவில்லை.

மச்சான் பதினாறு வருடமாக அடுத்தவர் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தவன். பழசாக இருந்தாலும் சொந்தமாக ஒன்று வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் தானே கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து ஓட்ட வேண்டும் என்பது அவன் எண்ணம். எஞ்சினை அவன் பார்ப்பான், உடம்பை நான் பார்க்க வேண்டும் என்று பேச்சு. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோலில் பழுது கண்டுபிடித்துக் குறிபோடுவது என் வேலை. உண்ணி கடித்த தழும்பானாலும் முள்கம்பி கீறிய கோடானாலும் என் கண்ணுக்குத் தப்பாது என்று வீட்டில் ஒரு பெயர். அது போதாதென்று, பழைய லாரி வாங்குவதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் ஒரு மாதம் படித்திருந்தேன். துருப்பிடித்து ஓட்டையான தகட்டை வெட்டி மாற்றாமல், மேலே பட்டி பூசித் தேய்த்து பெயிண்ட் அடித்துவிடுவார்கள். கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் பட்டியின் மேல் காந்தம் ஒட்டாது. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன்.

"இன்னா சார், டாக்டரு மாதிரி வச்சி வச்சிப் பாக்குறீங்க? மூச்சு வருதா?" என்றார் யார்டுக்காரர்.

"எங்க மாமா தோலயே விடமாட்டாரு. உன் தகரத்த உட்ருவாரா?" என்றான் மச்சான்.

இடது கதவின் அடியில் இரண்டு இடத்தில் காந்தம் வழுக்கி விழுந்தது. யார்டுக்காரர் மறுக்கவே இல்லை. "ஆமா சார், பட்டிதான். டோர்தானே, மாத்திக்கலாம். நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவர் மேல் எங்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கதவை அவர் நாங்கள் கண்டுபிடிக்கட்டும் என்றே விட்டுவைத்திருந்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

பிறகு குனிந்து சேஸைப் பார்த்தேன். மொத்த வண்டியையும் சுமக்கிற இரண்டு நீள இரும்புச் சட்டங்கள் அவை. அவை போனால் வண்டி போயிற்று. முன்னாலிருந்து காந்தத்தை வைத்துக்கொண்டே போனேன். டக், டக் என்று ஒட்டியது. கேபினுக்குப் பின்னால், இடது பக்கம், உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் குழைத்துப் பூசி நடுவில் பெரிதாகக் குங்குமம் வைத்திருந்தது. கண்ணாடியிலும் சக்கரங்களிலும் வைத்திருந்ததைப் போலத்தான். வெள்ளிக்கிழமை, கைமாறப் போகிற வண்டி, காலையில் பூஜை போட்டிருக்கிறார்கள். மஞ்சளுக்கு இந்தப் பக்கம் காந்தத்தை வைத்தேன், ஒட்டியது. அந்தப் பக்கம் வைத்தேன், ஒட்டியது. பொட்டைக் கலைக்க மனம் வரவில்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை. நானாகத்தான் கையை எடுத்தேன்.

பணத்தைக் கொடுத்துவிட்டு, ராகு காலம் முடியும்வரை காத்திருந்து, பன்னிரண்டு ஐந்துக்கு எலுமிச்சம்பழத்தை நசுக்கி மச்சான் வண்டியை எடுத்தான்.

"மொத சவாரி காலியாப் போவக் கூடாது மாமா. உப்பு லோடு பேசி வச்சிட்டேன். வீட்டுக்கு மொதல்ல உப்புதானே எடுத்துனு போவோம்? லட்சுமி."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றுக்கு எண்பது மூட்டை உப்பு ஏறியது. ஏற்றி முடித்தபோது கேபினுக்கும் பின்னாலிருந்த பாடிக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி இருந்தது. கேபினின் பின்கண்ணாடி வழியாக அது நன்றாகத் தெரிந்தது.

வேலூர் தாண்டி டீ குடிக்க நிறுத்தியபோது அந்த இடைவெளி மூன்று விரலாகத் தெரிந்தது. பாரம் அமர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு கீழே குனிந்தேன். மஞ்சள் பூசிய இடத்தில், அடியிலிருந்து குங்குமத்தின் ஓரம்வரை ஒரு கோடு ஏறியிருந்தது. மயிரிழை அளவுதான். மஞ்சள் காய்ந்து வெடித்திருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன். ஆனாலும் கை பழக்கத்தில் பைக்குள் போயிற்று. தோலில் குறிபோடும் வெள்ளி நிற மைப் பேனா எப்போதும் என்னிடம் இருக்கும். கோடு முடிந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் 1.40 என்று எழுதினேன். மச்சானிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவன் டீக்கடைக்காரரிடம் "நம்ம வண்டிண்ணா" என்று காட்டிக்கொண்டிருந்தான்.

பதினைந்து நிமிடம் கழித்து ஒன்றுக்குப் போக வேண்டும் என்று நிறுத்தச் சொன்னேன். கோடு புள்ளியைத் தாண்டி இரண்டு விரற்கடை மேலே போயிருந்தது. இரண்டாவது புள்ளி வைத்தேன். 1.58.  எட்டு என்ற எண் இரண்டு சுழியாகப் பிரிந்து விழுந்தது.

"மெதுவாப் போ."

"நாப்பதுலதான் போறேன். இன்னா மாமா, உப்பு மூட்டைக்கு வலிக்குமா?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், நான் பார்க்காமல் விட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பயந்து, அதைவிடப் பெரிய பயத்தோடு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒவ்வொரு பஸ் கடக்கும்போதும் சீட்டுக்கு அடியில் ஏதோ முனகியது. பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். பாடியின் முன்பலகை கேபினைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு விரல்கூட நுழையாது. சேஸ் நடுவில் மடிந்துகொண்டிருந்தது.

"நிறுத்துடா!" என்று கத்தினேன். விரிஞ்சிபுரம் பிரிவுக்குக் கொஞ்சம் முன்னால் ஓரமாக நிறுத்தினான்.

இறங்கியதும் வீட்டுச் சாவியால் குங்குமத்தைச் சுரண்டினேன். மஞ்சளும் குங்குமமும் கருப்பு பெயிண்டும் பட்டியும் ஒரே பாளமாக, பிஸ்கெட் போலக் கையோடு வந்தன. பின்னால் எண்ணெய் கேனிலிருந்து வெட்டிய பிளாஸ்டிக் துண்டு. அதைத் தள்ளியதும் சாவி முழுதாக உள்ளே போயிற்று. உள்ளிருந்து துருச் செதில்களும் வெள்ளை வெள்ளையாக உப்புக் கட்டிகளும் கொட்டின. நாங்கள் ஏற்றிய உப்பு அல்ல. வருடக்கணக்காக உப்புப் போட்ட ஈரத்தோல் ஏற்றிய வண்டி. உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி, இரும்பை உள்ளிருந்தே தின்றிருக்கிறது. தோல் பார்க்கிற எனக்கே தோல் அரித்த வண்டியை விற்றிருக்கிறார்கள்.

 மச்சான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நகர்ந்து போய்விட்டான்.

"டேய், வெளிய வா. மேல லோடு இருக்குது."

"இரு மாமா. உள்பக்கம் நல்லா இருந்தா, கயிறு கட்டி ஆம்பூர் வரைக்கும் போய்டலாம்."

அவன் கால் இரண்டும்தான் எனக்குத் தெரிந்தன. எண்பது மூட்டை அவன் நெஞ்சுக்கு மேலே இருந்தது. என் மனைவிக்கு இருப்பது இந்த ஒரே தம்பி. விரிசல் என் கண் முன்னால் அசைந்தது. அசைந்ததாகத் தோன்றியதோ என்னவோ, நான் யோசிக்கவில்லை. கணுக்கால் இரண்டையும் பிடித்து இழுத்தேன். "விடு மாமா, முதுவு தேயுது" என்று திட்டிக்கொண்டே வந்தான். தலை வெளியே வந்ததும் அவன் எழுந்து உட்காரக்கூட இல்லை, மரக்கிளை முறிவது போல ஒரு சத்தம். வண்டியின் நடுப்பகுதி ஒரு சாண் கீழே இறங்கி நின்றது. மேலிருந்து மூன்று மூட்டைகள் சரிந்து, பக்கத்து மண்ணில் விழுந்து பிய்ந்தன.

அவன் முதுகெல்லாம் துரு. 

"அந்த எடத்த நான் பாக்கல" என்றேன். "பொட்டு இருந்துச்சின்னு காந்தம் வைக்காம விட்டுட்டேன். வேலூர்லயே கோடு தெரிஞ்சிது. அதயும் சொல்லல."

அவன் என்னைப் பார்க்காமல், அந்த வளைந்த இரும்பையே பார்த்துக்கொண்டு, "நீ கைய எடுத்தத நானும் பார்த்தேன் மாமா. நல்லதாப்போச்சி, வண்டி கையவிட்டுப் போவாதுன்னுதான் நெனச்சேன்" என்றான்.

அவன் போன் அடித்தது. அக்கா. அவன் அதை என்னிடம் நீட்டினான். நான் வாங்கிப் பேசினேன்.

"நாங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கோம்" என்றேன்.



"நான் எங்க வர்றீங்கன்னு கேக்கத்தானே போன் பண்ணேன்" என்றாள் என் மனைவி. "ஏன் அப்படிச் சொல்றீங்க? அவன் எங்க? அவன்கிட்ட குடுங்க."