கலைமதி தேடியதெல்லாம்

அரூர் தாலுகா ஆபீஸுக்கு எதிரே இருக்கும் கம்ப்யூட்டர் சென்டரில் கலைமதி வேலை பார்க்கிறாள். பட்டா, வருமானச் சான்று என்று வருகிறவர்களுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பாள். கணவன் ரஞ்சித்குமாரை ஓசூரில் விட்டு வந்து தனி அறை எடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆதாரும் பேங்கும் அதே நம்பரில் இருந்ததால் போன் நம்பரை மட்டும் மாற்றவில்லை.

அவனிடமிருந்து முதல் மெசேஜ் ஆடி மாசம் வந்தது. "கழுத்து வீக்கம் தைராய்டாத்தான் இருக்கும். பயப்படாத."

அன்று காலையில்தான் கண்ணாடியில் கழுத்தைப் பார்த்துவிட்டு போனில் தேடியிருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் சேலத்தில் பெண்கள் விடுதி தேடினாள். சாயங்காலமே வந்தது: "சேலம் வேண்டாம். அந்தத் தண்ணி உனக்கு ஒத்துக்காது." திட்டு இல்லை, மிரட்டல் இல்லை. அந்த அக்கறைக்குத்தான் அவள் பயந்தாள்.

அறை முழுக்க கேமரா தேடினாள். பக்கத்து அறை சோபனாவோடு பேசுவதை நிறுத்தினாள். விளக்கை அணைத்துவிட்டுக் குளித்தாள். போகப்போக, மனசில் நினைத்தாலே அவனுக்குத் தெரிந்துவிடும் என்று தோன்றியது.

ஒரு மத்தியானம் சென்டர் கம்ப்யூட்டர் வழக்கம்போல் திணறியது. பழையதை அழித்தால் வேகம் கூடுமா என்று பிரௌசரில் ஹிஸ்டரியைத் திறந்தாள். அவள் தேடாததெல்லாம் இருந்தது. 'மரவள்ளி பூச்சி மருந்து', 'மகள் பேருக்கு நிலம் மாற்ற'. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே புதிதாய் ஒரு வரி வந்தது. 'தூக்கம் வர என்ன செய்வது'.

கீபோர்டில் யார் கையும் இல்லை.

திரையின் மூலையில் பச்சியப்பன் என்ற பெயர் தெரிந்தது. போன வாரம் மானியத்துக்கு விண்ணப்பிக்க வந்த வத்தல்மலை விவசாயி. இங்கே தன் மெயிலைத் திறந்தவர் வெளியேறாமல் போயிருந்தார். மலையில் அவர் போனில் தேடுவது இங்கே வந்து விழுந்துகொண்டிருந்தது. விண்ணப்பத்தில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டாள்.

"ஐயா, இப்பத்தான் தூக்கத்துக்கு ஏதாச்சும் தேடுனீங்களா?"

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

அந்தக் குரலில் இருந்த பயம் அவளுடையதுதான். விஷயத்தைச் சொல்லி, அவர் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டு, தன் போனைத் திறந்து பார்த்தாள். அது கல்யாணத்துக்கு ரஞ்சித்குமார் வாங்கிக் கொடுத்த போன். பிரௌசரில் இருந்தது அவனுடைய மெயில் ஐடி.

அதை நீக்கினாள். சென்டர் கம்ப்யூட்டரில் மூன்று பிரௌசர்களை இறக்கிப் பார்த்தாள். ஒன்று வேகம்தான், ஆனால் திறந்ததும் கணக்கு கேட்டது. இன்னொன்றின் கடுமையான பாதுகாப்பில் அரசாங்க சைட்டே திறக்கவில்லை. மூன்றாவது அந்தப் பழைய மெஷினிலும் சட்டென்று ஓடியது, தேடுவதைப் பின்தொடரும் டிராக்கர்களைத் தடுத்தது, மூடினால் எல்லாவற்றையும் அழித்தது. போனிலும் அதையே போட்டுக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் மெசேஜ் வந்தது. "நாலு நாளா எதையும் தேடலையே கலை. உடம்புக்கு என்ன?"

எல்லா மெசேஜையும் எடுத்துக்கொண்டு மகளிர் காவல் நிலையத்துக்குப் போனாள். அவனை வரவழைத்தார்கள்.

"பாத்துட்டுத்தானேங்க இருந்தேன்? ஒண்ணும் பண்ணலையே," என்றான், நிஜமாகவே புரியாதவன் போல. இனி தொடர்புகொள்ளமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அதற்கப்புறம் மெசேஜ் வரவில்லை.

சென்டருக்கு வருகிறவர்கள் முணுமுணுக்கிறார்கள். "ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு கேக்குதேங்க."

"கேக்கட்டுங்க," என்கிறாள் கலைமதி.

ஆனாலும் சில நாள் எதையாவது தேட உட்கார்ந்து, முழுதாக அடித்துவிட்டு, என்டரைத் தட்டாமல் ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிடுகிறாள்.