பாதி விலைக்கு வந்த நிறம்

இதைக் கட்டுக்கதை என்று சொல்கிறவர்கள் என் சகலையை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். கற்பனை என்கிற சமாச்சாரமே அவரிடம் கிடையாது. மருந்து மொத்தக்கடையில் மாத்திரை அட்டைகளை எண்ணி எண்ணியே காய்ந்துபோன மனிதர். பொய்யே பேசாதவர் என்று சொல்லமாட்டேன். இதில்கூட ஒரு பொய் சொல்கிறார். அதற்கும் வருகிறேன். ஆனால் இவ்வளவும் அவருக்கு நடந்தது. சத்தியமாக நடந்தது.

அவரிடம் ஒரு பழைய கார் இருந்தது. ஓட்டத்தில் குறையில்லை, தோலில்தான் குறை. கூரையிலும் பானட்டிலும் வெள்ளைப் பெயிண்ட் திட்டுத்திட்டாக உரிந்து கிடந்ததால், கடையில் அதற்குத் 'தேமல்' என்று பேர் வைத்திருந்தார்கள். "தேமலை எடுத்துட்டுப் போய் சரக்கைக் குடுத்துட்டு வந்துடுங்க" என்று முதலாளியே எல்லார் முன்னாலும் சொன்ன அன்றைக்கு, சகலைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

நாலைந்து பட்டறைகளில் விசாரித்தார். அவர்கள் சொன்ன தொகைக்கு இன்னொரு பழைய காரே வாங்கிவிடலாம். கடைசியில் ஊர் ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டிருந்த ஒரு பெயிண்டர்தான் வழிக்கு வந்தார்.

"கலரை மட்டும் நீங்க கேக்கக் கூடாது. ஒருத்தருக்காகக் கலந்து வெச்ச பெயிண்ட் அப்படியே இருக்கு. மயில்கழுத்து நிறம். அதை அடிச்சா பாதி விலை. கதவைக் கழட்டமாட்டேன், வெளிப்பக்கம் மட்டும்தான்."

"அவர் வந்து கேட்டா?"

"வரமாட்டார்."

ஏன் என்று சகலை கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் குறையுமா என்று கேட்டார்.

கார் புதுசு மாதிரி வந்து நின்றது. கதவைத் திறந்தால் மட்டும் விளிம்பில் பழைய வெள்ளை பல்லை இளித்தது. மூடிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? கடையில் தேமல் என்ற பேச்சே நின்றுபோனது. சகலை முழங்கையை ஜன்னலில் போட்டுக்கொண்டு ஓட்ட ஆரம்பித்தார்.

அந்த வாரமே தொடங்கிவிட்டது. பின் கண்ணாடியில், உட்பக்கம், விரலால் கிறுக்கிய கோடுகள். ஒரு வட்டம், இரண்டு கண், ஒரு வாய். துடைத்தார். மறுநாள் மறுபடியும் இருந்தது. அவர் வீட்டில் சின்னப் பிள்ளைகளே கிடையாது. ஒரே மகள், அவளும் கல்லூரிக்குப் போகிறவள்.

அப்புறம் உதை. ஓட்டும்போது முதுகுக்குப் பின்னால், சீட்டில்... தொம். தொம். வண்டியை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும்.

அப்புறம் இண்டிகேட்டர். வீடு திரும்பும் வழியில் ஒரு தெருமுனை. அங்கே வந்தால் போதும், கை வைக்காமலே இடது பக்க விளக்கு... டிக்... டிக்... டிக்... தெருவைத் தாண்டியதும் அணைந்துவிடும். மெக்கானிக் ஒயர்களை எல்லாம் இழுத்துப் பார்த்தார். "வண்டி நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் சரியா தூங்கறதில்ல போல" என்று அனுப்பிவிட்டார்.

ஒரு சாயங்காலம், ஆறு பத்து. பின்னால் வந்த பஸ் அந்த விளக்கை நம்பி வலது பக்கம் ஏறி நெருக்கிவிட்டது. வேறு வழியில்லை. தெருவுக்குள் திருப்பினார்.

ஒரு வீட்டு கேட் முன்னால் டிக் சத்தம் நின்றது. இன்ஜினும் தானாக அணைந்தது.

களக்.

பின் கதவு திறந்துகொண்டது. யாரும் திறக்கவில்லை. சகலை பதறி இறங்கினார்.

கேட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். அவரைப் பார்க்கவில்லை. காரையே பார்த்தாள்.

"இந்தக் கலர் எங்க அடிச்சீங்க?"

அடுத்தவர் பெயிண்ட், அதுவும் பாதி விலைக்கு... எந்த முகத்தோடு சொல்வது?

"அடிக்கலைங்க. வாங்கினப்பவே இந்தக் கலர்தான்."

அவள் பார்வை திறந்த கதவின் பக்கம் இறங்கியது. அவரும் பார்த்தார். விளிம்பு முழுக்க வெள்ளை.

உடம்பெல்லாம் கூசிப்போனது. பாய்ந்துபோய்க் கதவை அறைந்து சாத்தினார்.

டப்!

திரும்பிப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினார்.

வீடு வரைக்கும் பின்னால் ஒரு சத்தம். மூக்கை உறிஞ்சி உறிஞ்சி... அழுகையை அடக்குகிற சத்தம்.

கண்ணாடியில் பார்க்கவில்லை.

தைரியம் வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் கொட்டகைக்குப் போனார்.

"அவர் ஏன் வரமாட்டார்?"

பெயிண்டர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "செத்துட்டார். பெயிண்ட் அடிக்க வண்டிய இங்க கொண்டு வர்ற வழியிலயே லாரி மோதிடுச்சு. ஆறு வயசுப் பையன், பின் சீட்டுல இருந்தான்... அவனும் போயிட்டான். கலரை எடுத்ததே அவன்தான். காசு முன்னாடியே குடுத்துட்டாங்க. பையனோட அம்மாகிட்டத் திருப்பிக் குடுக்க எனக்கு முகம் இல்ல."

அன்று சாயங்காலம் சகலை தானாகவே அந்தத் தெருவுக்குத் திருப்பினார். விளக்கு எரியவில்லை. கேட் முன்னால் கூனிக் குறுகி நின்றார். அவள் வந்தாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். யாருடைய பெயிண்ட், என்ன விலை, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காதது, நேற்றுச் சொன்ன பொய், எல்லாம்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவரை இன்னும் கொன்றது.

"பெயிண்ட் போகட்டும்ங்க. பொய்யும் போகட்டும்."

மூடியிருந்த பின் கதவையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அவன் ஒரு காலைக் கீழ வெச்சுட்டான். அதுக்குள்ள ஏன் கதவைச் சாத்துனீங்க?"